பித்தளை கேஸ் சுத்தம்: உலர் தூளா (மீடியா), தண்ணீரும் ஊசியுமா, துடைத்தாலே போதுமா?

ஹூஸ்டன்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். .308 போல்ட் ரைஃபிளில் எஃப்-டிஆர் (எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூர இலக்குப் போட்டியின் ஒரு பிரிவு) சுட ஆரம்பித்திருக்கிறேன். இப்போதைக்கு 600 கெஜம், அடுத்து 1000 கெஜத்துக்குப் போக ஆசை. கடையில் வாங்கும் மேட்ச் தோட்டா கட்டுப்படியாகவில்லை. அதனால் சுட்ட பித்தளைக் கூட்டில் (கேஸ்) மறுபடி பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து நானே தோட்டா செய்யும் ரீலோடிங்கில் இறங்கிவிட்டேன். பிரஸ், டை, தராசு எல்லாம் வந்தாயிற்று. லாப்புவா கம்பெனி கேஸ் வைத்திருக்கிறேன், ஒரு சுற்று சுட்டு முடித்தவை.

இப்போது நிற்கும் இடம் சுத்தம் செய்வது. எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர், மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து பென்ச்ரெஸ்ட் சுடுபவர், "கழுவவே கழுவாதே, நெக்கைத் (குண்டைப் பிடிக்கும் கேஸின் கழுத்து) துடைத்தால் போதும்" என்கிறார். பக்கத்து லேனில் சுடுபவரோ எஃகு ஊசி போட்டுச் சுழற்றி, கேஸ்களை நகைக்கடையில் வாங்கி வந்த மாதிரி கொண்டு வருகிறார். இருவருமே என்னைவிட நன்றாகச் சுடுகிறார்கள்! துல்லியத்துக்கு உண்மையில் எது உதவும்? இடம் என்று பார்த்தால் கராஜ் மட்டும்தான். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பாலைவனத்தான்

வாருங்கள் தம்பி. நான் ஃபீனிக்ஸ் பக்கம், பென் ஏவரி ரேஞ்சில் சுடுகிறேன்.

பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கேஸைச் சுத்தம் செய்ய எனக்குத் தெரிந்து மூன்று காரணம்தான் உண்டு. மண்ணும் துகளும் ஒட்டிய கேஸை, அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வரும் அச்சான சைசிங் டைக்குள் அழுத்தினால் டையில் கீறல் விழும். அப்புறம் அந்த டை ஒவ்வொரு கேஸிலும் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அழுக்கு மூடியிருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவதுதான் துல்லியத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: நெக்கின் உட்புறம் எல்லா கேஸிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

1000 கெஜ எஃப்-கிளாஸ் இலக்கில் நடுவில் உள்ள எக்ஸ் வளையம் 5 அங்குலம், பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம். .308-இல் 175 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 10 அடி மாறினால் அங்கே போய் விழும்போது ஏறத்தாழ 3, 4 அங்குலம் மேலே கீழே போகும். எக்ஸ் வளையத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது, இன்னும் காற்றைப் பற்றிப் பேசவே இல்லை. நெக் குண்டைப் பிடிக்கும் பிடி கேஸுக்கு கேஸ் மாறினால் இந்த வேக வித்தியாசம் வரும். வெளியே தங்கம் மாதிரி மின்னுவதால் ஒரு அங்குலமும் குறையாது.

நான் செய்வது உலர் முறை. அதிர்வு டம்ப்ளரில் மக்காச்சோளக் கட்டைத் தூள், 20/40 அளவு. அழுக்கு அதிகமென்றால் வால்நட் ஓட்டுத் தூள். வளர்ப்புப் பிராணிக் கடையில் பல்லி, ஓணான் கூண்டுக்குப் போடுவதற்கென்று மூட்டையில் விற்கிறார்கள், அதே சரக்குதான், விலை குறைவு. அம்மோனியா கலக்காத கார் பாலிஷ் ஒரு மூடி. ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். வெளியே சுத்தமாகிவிடும், நெக்குக்குள் மெல்லிய கரிப்படலம் அப்படியே இருக்கும். அந்தப் படலம் எனக்கு வேண்டும்.

எஃகு_ஊசி

அண்ணன் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கராஜில், அதுவும் குழந்தை இருக்கும் வீட்டில், உலர் டம்ப்ளரை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தூசி சாதாரணத் தூசி இல்லை, அதில் ஈயம் கலந்திருக்கும்.

என் முறை இது. முதலில் யுனிவர்சல் டீகேப்பிங் டையில், கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிடுவேன். பிரைமரோடு தண்ணீரில் போட்டால் அது உட்காரும் குழியான பாக்கெட்டில் ஈரம் தங்கிவிடும், கரியும் போகாது. பிறகு சுழலும் டம்ப்ளரில் கேஸ், 1.2 மி.மீ. தடிமன் உள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசி, விளிம்பு வரை தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், அரை டீஸ்பூனுக்கும் குறைவாக சிட்ரிக் ஆசிட் தூள். ஒரு மணி நேரம் ஓடினால் தண்ணீர் கறுப்பு மை மாதிரி வரும். பிரைமர் பாக்கெட்டின் மூலை வரை சுத்தம். பாக்கெட்டில் கரி இருந்தால் புதுப் பிரைமர் முழுசாக உட்காராமல் தலை தூக்கி நிற்கும், ஃபயரிங் பின் அடிக்கும் அடியில் கொஞ்சம் அதை உள்ளே தள்ளவே செலவாகும். அதுவும் துல்லியத்தைக் கெடுக்கும் விஷயம்தானே?

பாலைவனத்தான்

பாக்கெட் விஷயம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு சின்ன பிரஷோ பாக்கெட் சுரண்டியோ போதும், கேஸுக்கு இரண்டு திருகு.

ஊசி முறையில் எனக்கு இரண்டு சங்கடம். ஒன்று, கேஸ்கள் ஒன்றோடொன்று மோதி நெக்கின் வாய் விளிம்பு நசுங்கும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: விளிம்பு கூர்மையாக இல்லாமல், உள்பக்கமாகச் சுருண்டு மிகச் சின்ன உதடு மாதிரி தெரியும். நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்தால் தட்டும். குண்டை இறக்கும்போது அந்த உதடு அதன் மேலுறையான ஜாக்கெட்டைச் சுரண்டும். இரண்டாவது, நெக்கின் உட்புறம் வெறும் பித்தளையாகிவிடும். வெறும் பித்தளையில் செம்பு ஜாக்கெட் வழுக்காது, பிடித்துப் பிடித்து நகரும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அழுத்தம் காட்டும் முள் வைத்த ஆர்பர் பிரஸில் குண்டு இறக்குகிறேன். கரிப்படலம் உள்ள கேஸில் முள் ஒரே சீராக ஏறி ஒரே இடத்தில் நிற்கும். ஊசியில் கழுவிய கேஸில் அதே முள் துள்ளும். ஒன்றில் லேசாகப் போகும், அடுத்ததில் "கிரீச்" என்று நின்று நின்று இறங்கும். சைஸ் செய்த டை ஒன்றே, அனீல் செய்த (நெக்கைச் சூடாக்கி இளக்கிய) விதமும் ஒன்றே, குண்டும் ஒரே பெட்டி. மாறியது சுத்தம் செய்த முறை மட்டும்தான்.

எஃகு_ஊசி

அதற்கு வழி இருக்கிறது அண்ணா. வாய் விளிம்பு நசுங்குவது டிரம்மைப் பாதிதான் நிரப்பி, மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு. தண்ணீரும் கேஸும் நிறைய இருந்தால் மோதலின் வேகம் குறையும். நேரத்தையும் ஒரு மணியோடு நிறுத்த வேண்டும். எப்படியும் கேஸை நீளத்துக்கு வெட்டி (டிரிம்), வாய் விளிம்பைச் சரித்து (சாம்ஃபர்) விடுவோம், அதில் இருக்கிற உதடும் போய்விடும். அதனால் டிரிம்மிங் எப்போதும் கழுவிய பிறகுதான், முன்னால் செய்தால் வீண் வேலை.

நெக் உட்புறத்துக்கு உலர் கிராஃபைட் தூள். சின்ன மணிகளோடு கலந்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், கேஸின் வாயை ஒரு முறை அதில் முக்கி எடுத்தால் உள்ளும் புறமும் ஒட்டிக்கொள்ளும். முள் துள்ளுவது நின்றுவிடும்.

பாலைவனத்தான்

நானும் அதைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது. ஆனால் யோசியுங்கள்: இருந்த மசகைக் கழுவி எடுத்துவிட்டு, வேறொரு மசகைக் காசு கொடுத்து வாங்கித் தடவுகிறோம். இன்னொன்றும் உண்டு. வெறும் நெக்கில் கிராஃபைட்டும் இல்லாமல் குண்டை இறக்கி மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால், ஜாக்கெட்டும் பித்தளையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய தோட்டாவைப் பிரிக்கும்போது "டொக்" என்று சத்தத்தோடு விடுபடுவது அதனால்தான். கழுவுபவர்கள் போட்டிக்குச் சற்று முன்பு குண்டை இறக்குவது நல்லது. அல்லது முன்பே நீளமாக இறக்கி வைத்து, கடைசியில் ஒரு தட்டு தட்டிச் சரியான ஆழத்துக்குக் கொண்டு வரலாம்.

நெய்தல்

உலோகவியல் என் தொழில், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இங்கே ஒருவராவது இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அம்மோனியா எந்த வடிவிலும் கேஸ் பக்கம் வரக்கூடாது. பிராஸோ, கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், எல்லாவற்றிலும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேஸ் பித்தளை என்பது 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். தகட்டை இழுத்து இழுத்து நீட்டிக் குழாயாக்குவதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். அந்த இறுக்கத்தோடு அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால், வெளியே அரிப்பே தெரியாமல் படிக எல்லைகள் வழியாக விரிசல் ஓடும். இது முதலில் பிடிபட்டதே நம் ஊர்ப் பக்கத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கேஸ்கள் வெடித்துப் பிளந்து கிடந்தன. அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் நின்றுவிட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் சரியாக விளக்கப்பட்டது. அதற்கு மருந்து அனீலிங். சூடு கொடுத்தால் உள்ளே தங்கிய இறுக்கம் தளரும். லாப்புவா கேஸின் நெக்கிலும் தோளிலும் நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் தெரிகிறதே, அது அனீல் செய்த தடம். அழுக்கென்று நினைத்துத் தேய்க்க வேண்டாம்.

நாம் சுட்டு, சைஸ் செய்து, மறுபடி சுடும்போது நெக்கில் இறுக்கம் திரும்பச் சேர்கிறது. ஆகவே நான்கைந்து முறை சுட்ட கேஸ், புதுசைவிட அம்மோனியாவுக்கு எளிதில் இரையாகும்.

ஹூஸ்டன்_வாசி

இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, மிக்க நன்றி. பிராஸோ பாட்டில் கராஜில் இருக்கிறது, அதை அலமாரியை விட்டே எடுத்துவிடுகிறேன்.

ஒரு கேள்வி, சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் மன்னியுங்கள். ஊரில் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே தேய்ப்போம்? ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று வந்துவிடும். கேஸுக்கு அதைச் செய்யலாமா? பீதாம்பரி?

நெய்தல்

நல்ல கேள்வி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் பித்தளையின் மேல் படிந்த ஆக்ஸைடைக் கரைக்கும். வேதியியல்படி பார்த்தால் வேலை ஒன்றுதான்.

ஆனால் விளக்கைக் கையில் பிடித்துத் தேய்த்து உடனே கழுவிவிடுகிறோம். கேஸின் உட்புறத்துக்குக் கை போகாது. புளியின் சக்கையும் சர்க்கரையும் உள்ளேயும், பிரைமரின் தீ உள்ளே போகும் ஓட்டையான ஃபிளாஷ் ஹோலிலும் தங்கினால் எடுப்பது கஷ்டம். பலரும் புளியோடு உப்பும் சேர்ப்பார்கள், அந்தக் குளோரைடு பித்தளைக்கு ஆகாது. பீதாம்பரி போன்ற பொடிகள் உரசித் தேய்ப்பவை, துகள் உள்ளே நின்றால் குழலுக்குள்தான் போகும். விளக்குக்குச் சரி, கேஸுக்கு வேண்டாம். சிட்ரிக் ஆசிட் தூளை அளந்து போடலாம், கழுவினால் மிச்சமில்லாமல் போய்விடும்.

அதையும் அளவோடு. ராத்திரி முழுவதும் ஊற வைத்தால் கேஸ் இளஞ்சிவப்பாக வரும். மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சுவதன் அடையாளம் அது. பெரும்பாலும் மேல்தோல் அளவோடு நிற்கும், இருந்தாலும் அமிலம் அதிகம் அல்லது நேரம் அதிகம் என்று கேஸே சொல்கிறது. அடுத்த முறை இரண்டையும் குறையுங்கள்.

பனிக்காடு

வணக்கம், நான் ஒன்ராறியோவில் இருந்து. கொனோட் றேஞ்சில்தான் கோடையில் சுடுகிறது. எஃப்-கிளாஸைத் தொடக்கிவிட்ட ஜோர்ஜ் ஃபார்க்குவார்சனே கனடாக்காரர்தான், அதை இஞ்சை ஒருத்தரும் மறக்கிறேல்லை.

நான் பாவிக்கிறது அல்ட்ராசோனிக், ஒலி அதிர்விலை அழுக்கைக் கழட்டுற முறை. 40 கிலோஹெர்ட்ஸ் தொட்டி, கொஞ்சச் சூடான தண்ணி, துளி சோப், துளி சிட்ரிக் அசிட். எட்டு, பத்து நிமிசத்துக்கு மேலை விடுறேல்லை. கோதுகள், அதுதான் கேஸ், ஒண்டோடை ஒண்டு மோதாது, அதாலை வாய் நசுங்காது. ஊசி பொறுக்குற வேலையும் இல்லை. பளபளப்பு வராது, மங்கலாத்தான் வரும். அதுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

தண்ணி முறை எதெண்டாலும் காய வைக்கிறதுதான் பெரிய பாடு. பனிக்காலத்திலை கோதுக்குள்ளை ஈரம் நாள் கணக்காப் போகாது. வெளியிலை காய்ஞ்ச மாதிரி இருக்கும், வாயைக் கவிழ்த்துத் தட்டினால் துளி விழும். அதுக்குள்ளை வெடிமருந்தைப் போட்டால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி பாவியுங்கோ, கறை பிடிக்காது. பிறகு துவாயிலை போட்டு உருட்டி, பழம் காய வைக்கிற மெசினிலை 60 பாகையிலை ஒரு மணித்தியாலம். அந்த மெசின் கோதுக்கு மட்டும்தான், பிறகு சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் அதிலை வைக்கப்படாது.

சமையல் அறை அவனிலை வைக்கிற ஆக்கள் இருக்கினம். தயவுசெய்து வேண்டாம். ஈயமும் உள்ளுக்கை போகும், சூடு கூடினால் கோதின்ரை அடிப்பக்கமும் இளகி மென்மையாகும். அடி உறுதியா இருக்கிறதுதான் எங்களைக் காப்பாத்திறது.

ஹூஸ்டன்_வாசி

ஈயம் பற்றி இரண்டு பேர் தொட்டுவிட்டீர்கள். குண்டு ஜாக்கெட் போட்டதுதானே, கேஸில் ஈயம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

எஃகு_ஊசி

பிரைமரிலிருந்து. வழக்கமான பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் இருக்கிறது. வெடித்த பிறகு அந்த ஈயம் மிக நுண்ணிய தூளாக கேஸின் உட்புறத்திலும் பாக்கெட்டிலும் படிந்து நிற்கும். உலர் டம்ப்ளரில் அது மீடியாவுக்கு மாறி, மூடியைத் திறந்து சலிக்கும்போது காற்றில் எழும்பும். குழந்தைகளுக்கு மிகக் கொஞ்சம் ஈயம் போனாலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயது என்றால் இன்னும் மோசம். இதற்காகத்தான் முதலிலேயே உலர் முறை வேண்டாம் என்றேன்.

பாலைவனத்தான்

இந்த ஒரு விஷயத்தில் ஊசிக்காரத் தம்பியோடு முழுக்க நிற்கிறேன். என் டம்ப்ளர் வீட்டுக்கு வெளியே, கொட்டகையில் இருக்கிறது. மூடியோடுதான் ஓட்டுவேன். டிரையர் ஷீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டால் தூசியை அது வாங்கிக்கொள்ளும், கறுத்ததும் மாற்றிவிடுவேன். சலிக்கும்போது முகக்கவசம் உண்டு, காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்பேன். உங்களுக்கு அப்படி ஒரு இடம் இல்லையென்றால் தண்ணீர் முறைக்கே போங்கள். நெக்குக்குள் கரி வேண்டும் என்ற என் ஆசைக்காக உங்கள் பிள்ளை ஈயத்தைச் சுவாசிக்க வேண்டாம்.

தண்ணீர் முறையிலும் அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. சமையலறை சிங்க்கில் ஊற்றக் கூடாது, தோட்டத்தில் கீரைப் பாத்தியில் ஊற்றவே கூடாது. சமையலறை வடிகட்டியை "ஒரு தடவைதானே" என்று எடுக்காதீர்கள். கேஸ் தொடும்போது கையுறை போடுங்கள். முடித்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ரேஞ்சுக்குப் போட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், சாதாரணப் பரிசோதனைதான்.

ஹூஸ்டன்_வாசி

முடிவாகிவிட்டது, தண்ணீர் முறைதான். எங்கள் ஊரின் புழுக்கத்துக்குப் பனிக்காடு அண்ணா சொன்ன உலர்த்தும் மெசினும் வாங்கிவிடுகிறேன். வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

எஃகு_ஊசி

நான் செய்வது: டீகேப், கழுவு, காய வை, அனீல், லூப் (மசகு) தடவி சைஸ், லூப்பைத் துடை, டிரிம், சாம்ஃபர், நெக்கில் கிராஃபைட், பிரைமர். ஊசியில் சுழற்றுவதை அனீலுக்குப் பிறகு வைக்காதீர்கள், இளக்கிய நெக்கைத் தட்டித் தட்டி மறுபடி இறுக்குவதாகிவிடும்.

லூப்பைத் துடைக்காமல் விடக் கூடாது. மசகோடு கேஸ், தோட்டா உட்காரும் சேம்பரில் ஒட்டி நிற்காமல் பின்னால் வழுக்கினால், அதைப் பின்பக்கம் அடைக்கும் போல்ட்டின் மேல் அழுத்தம் கூடும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

பனிக்காடு

ஒண்டு சேர்க்கிறன். கழுவிக் காய்ஞ்ச பிறகுதான் கோதை வடிவாப் பாக்கலாம். அடியிலிருந்து கொஞ்சம் மேலை, சுத்திவர வெளிச்சமா ஒரு கோடு தெரிஞ்சால் அது உள்ளுக்கை மெலிஞ்சு போனதாக இருக்கலாம். பேப்பர் கிளிப்பை நிமித்தி நுனியைக் கொஞ்சம் மடக்கி, உள்ளுக்கை விட்டு அடியிலிருந்து மேலை இழுத்துப் பாருங்கோ. பள்ளத்திலை தடக்கினால் அந்தக் கோதைத் தட்டி நசுக்கி எறிஞ்சு விடுங்கோ. இன்னொரு தரம் சுட்டால் தலை வேறை உடல் வேறையாகப் பிய்யும்.

நெய்தல்

அதோடு ஃபிளாஷ் ஹோல். எந்த லாப்புவா என்று நீங்கள் சொல்லவில்லை. சின்னப் பிரைமர் போடும் பால்மா கேஸ் என்றால் ஓட்டை 1.5 மி.மீ.தான், வழக்கமானது 2 மி.மீ. 1.2 மி.மீ. ஊசி அந்தச் சின்ன ஓட்டையில் நுழைந்து சாய்ந்து நின்றுகொள்ளும். டீகேப்பிங் பின்னும் அதற்கென்று மெலிந்தது வேண்டும், வழக்கமான பின்னை அழுத்தினால் வளையும் அல்லது ஓட்டையைப் பெரிதாக்கும்.

ஹூஸ்டன்_வாசி

பால்மாதான்! நல்ல வேளை சொன்னீர்கள், டையில் இருக்கும் பின்னை இன்றைக்கே அளந்து பார்க்கிறேன். அப்போது எனக்கு ஊசி முறையைவிட அல்ட்ராசோனிக் சரிப்படுமோ?

பாலைவனத்தான்

பால்மா கேஸ் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். வாயும் நசுங்காது, ஓட்டையிலும் ஒன்றும் சிக்காது. நெக்கின் உட்புறத்தை நைலான் பிரஷால் இரண்டு இழு இழுத்து, கிராஃபைட்டில் முக்கி எடுங்கள். முதலில் இருபது கேஸ் மட்டும் அப்படிச் செய்து, பெரியவர் சொன்னபடி துடைத்த இருபது கேஸோடு வைத்து, அதே மருந்து, அதே குண்டு போட்டு, வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் பாருங்கள். வேக ஏற்றத்தாழ்வைக் காட்டும் எஸ்.டி. (திட்ட விலக்கம்) எண்ணை இங்கே போடுங்கள், பேசலாம்.

எஃகு_ஊசி

இரண்டு வகையையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். முதல் இருபதை ஒரே மூச்சில் சுட்டுவிட்டு அடுத்த இருபதுக்குப் போனால் குழல் சூடேறிய வித்தியாசமும் அதில் கலந்துவிடும்.